ஒரே வினாத்தாளும் ஒத்த நீதியும்

தேர்தல் என்னும் வினைச்சொல்லுக்கு நம் மொழியில் ஆராய்தல் என்றும் பொருள் உண்டு. தெரிந்தெடுத்தல் என்றும் பொருள் உண்டு. கற்றுத் தெளிதல் என்றும் பொருள் உண்டு. ஒரு பிள்ளை எதை அறிந்திருக்கிறது, எதை அறியவில்லை என்று ஆராய்வது ஒரு செயல். நூறு பிள்ளைகளுள் ஒருவரை எடுத்துக்கொண்டு மற்றையோரை வெளியே அனுப்பிவிடுவது முற்றிலும் வேறான செயல். கற்பித்துத் தேர்ச்சியடையச் செய்வது இவ்விரண்டினும் வேறானது, கடினமானதும்கூட. மூன்றும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பதனாலோ என்னவோ, நாடு முழுமைக்கும் ஒரே வினாத்தாளைக் கொண்டு நடத்தப்பெறும் பொதுத்தேர்வு இம்மூன்றையும் ஒருசேரச் செய்து முடித்துவிடும் என்று நம்பத் தலைப்பட்டிருக்கிறோம். அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை, தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்க்கையை அமைத்துக்கொண்ட குடும்பங்களின் நிலையில் நின்று சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

அவ்வாறு எண்ணத் தொடங்குங்கால் முதலில் ஒரு கடனை நினைவுகூர வேண்டும். நம்மவருள் பலர் இவ்வடபுலத்துக்கு வந்து சேர்ந்தது ஏதேனும் ஒரு தேர்வின் வழியாகத்தான். தட்டச்சில் ஹையர், சுருக்கெழுத்தில் லோயர் என்று இரண்டு சான்றிதழ்களைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறிய தலைமுறை ஒன்று இருந்தது. அவர்களுக்குத் தில்லியில் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. மந்திரியின் வீட்டு வாசற்படி எத்திசையில் இருக்கிறது என்பதும் தெரியாது. அவர்கள் பேசிய இந்தியைக் கேட்டுச் சிரிக்காதவர் குறைவு. இருந்தும் ஓர் அலுவலகத்தில் நாற்காலி ஒன்று கிடைத்ததென்றால், விடைத்தாளைத் திருத்தியவருக்கு அதை எழுதியவர் எந்த ஊர், எந்தச் சாதி, யார் பிள்ளை என்பது தெரியாதிருந்ததே காரணம். 1975இல் அமைக்கப்பெற்று இன்று பணியாளர் தேர்வாணையம் என்னும் பெயரால் இயங்கும் அமைப்பின் வழியாக வந்த பிந்திய தலைமுறைக்கும் இது பொருந்தும்.

பள்ளிக் கல்வியிலும் இதே கதைதான். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1962இல் திருத்தி அமைக்கப்பெற்றபோது, அடிக்கடி ஊர் மாற்றப்படும் மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்கு உதவுவது அதன் நோக்கங்களுள் ஒன்றாக வெளிப்படையாகவே கூறப்பட்டது. அடுத்த ஆண்டு கேந்திரிய வித்யாலயங்கள் தோன்றியதும் இக்காரணம் பற்றியே. நாகபுரியில் ஏழாம் வகுப்பும் குவாஹாட்டியில் எட்டாம் வகுப்பும் படித்துவிட்டுத் தில்லியில் ஒன்பதாம் வகுப்பில் வந்து அமரும் பிள்ளைக்கு, பொதுப் பாடத்திட்டமும் அதைத் தொடர்ந்து வரும் பொதுத்தேர்வும் இல்லாதிருந்தால், ஒவ்வொரு மாற்றல் உத்தரவும் ஓராண்டுப் படிப்பை விழுங்கியிருக்கும். ஆகவே, பொதுத்தேர்வைப் பற்றி நம்மவர் பேசும்போது, அது ஏதோ அந்நியர் சுமத்திய சுமை என்ற தொனியில் பேசுவது பொருந்தாது. அதன் நிழலில் வளர்ந்தவர்கள் நாம்.

பொதுத்தேர்வை அடியோடு ஒழித்துவிட்டால் பிள்ளைகள் எவராலும் மதிப்பிடப்படாமல் சுதந்திரமாக வளர்வர் என்று கருதுவோர் உண்டு. அலுவலகத்தில் காலம் கழித்தோருக்கு இதில் ஐயம் எழாமல் இராது. தேர்வு இல்லாத இடத்தில் மதிப்பீடு மறைந்துவிடுவதில்லை. அது யாரோ ஒருவருடைய அபிப்பிராயமாக மாறி, முத்திரையிட்ட உறைக்குள் சென்று அமர்ந்துகொள்கிறது. ஆண்டுதோறும் மேலதிகாரி எழுதி வந்த இரகசியக் குறிப்பை நாம் அறியாதவர்களா? பாதகமான குறிப்பை மட்டும் தெரிவித்துவிட்டு, ‘நன்று’ என்று எழுதியதைத் தெரிவிக்காமல் வைத்திருந்து, பின்னர் ஒரு நாள் அந்த ‘நன்று’ போதாது, ‘மிக நன்று’ வேண்டும் என்று பதவி உயர்வை மறுத்த காலம் உண்டு. தேவ் தத் என்பவர் தொடுத்த வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் எல்லாக் குறிப்புகளையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2009இல் பிறந்த ஆணையின் பின்னரே அவ்வறிக்கை முழுமையாக ஊழியர் பார்வைக்கு வரலாயிற்று. நம்மை நன்கு அறிந்தவர் நம்மைச் சரியாக எடைபோடுவார் என்பது இனிய கற்பனை. நன்கு அறிந்தவரிடம் விருப்பும் வெறுப்பும் கூடவே இருக்கும்.

இவ்விருப்பு வெறுப்புக்கு அணை போடும் வகையைச் சீனர் மிகப் பழங்காலத்திலேயே கண்டனர். சூயி மரபினர் காலத்தில் தொடங்கி 1905இல் கைவிடப்படும் வரை ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் அந்நாட்டில் அரசுப் பணிக்கான தேர்வுகள் நடைபெற்றன. சோங் மரபினர் காலத்தில் விடைத்தாளில் எழுதியவரின் பெயர் மீது தாள் ஒட்டி மறைத்தனர். அது மட்டுமின்றி, கையெழுத்தைக் கண்டு ஆளை அடையாளம் காண்பதைத் தடுக்க, எழுத்தர்களை அமர்த்தி ஒவ்வொரு விடையையும் படியெடுத்து, அந்தப் படியையே திருத்துவோரிடம் அளித்தனர். எழுத்தர் இனம் உலகுக்கு ஆற்றிய மிகப் பழைய பொதுத்தொண்டுகளுள் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்!

ஆயினும், பெயரை மறைத்துவிட்டால் நீதி நிறைவேறிவிடுமா? இவ்விடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. இதை விளக்க நம் நாட்டு வரலாற்றில் இந்தியன் சிவில் சர்வீஸ் தேர்வைவிடப் பொருத்தமான சான்று இல்லை. 1855க்கு முன்னர் அப்பணி நியமனம் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களின் கையிலிருந்த சலுகை. அவர்தம் உறவினரும் நண்பரின் மக்களும் அதனால் பயனடைந்தனர். அச்சலுகை ஒழிந்து, போட்டித் தேர்வு வந்தது பெரியதொரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. சட்டப்படி இந்தியரும் அதை எழுதலாம். ஆனால் தேர்வு நடந்த இடம் லண்டன். கடல் கடந்தால் சாதி போய்விடும் என்ற அச்சம் ஒரு பக்கம். கப்பற் செலவும் அங்கே தங்கிப் படிக்கும் செலவும் மறுபக்கம். கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் ஒதுக்கிய மதிப்பெண் வடமொழிக்கும் அரபிக்கும் ஒதுக்கியதைவிட மிகுதி. 1863இல் சத்தியேந்திரநாத் தாகூர் இத்தனையும் தாண்டி வென்ற முதல் இந்தியரானார். 1876இல் உச்ச வயது 21இலிருந்து 19ஆகக் குறைக்கப்பட்டது. பத்தொன்பது வயதுக்குள் இங்கிருந்து சென்று, அந்நிய மொழியில் ஆங்கிலப் பிள்ளையோடு போட்டியிட வேண்டும் என்பது ஏறக்குறைய கதவை அடைத்ததற்கு ஒப்பாகும். சுரேந்திரநாத் பானர்ஜி இதனை எதிர்த்து நாடெங்கும் சுற்றி மக்களைத் திரட்டினார். இரு நாடுகளிலும் ஒரே சமயத்தில் தேர்வு நடத்த வேண்டும் என்று 1893இல் பிரிட்டிஷ் பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியும் பயனில்லை. 1922இல்தான் இந்திய மண்ணில் அத்தேர்வு நடைபெற்றது.

இதில் கருதத்தக்கது என்னவெனில், அந்த 67 ஆண்டுகளும் வினாத்தாள் ஒன்றாகவே இருந்தது. திருத்தியவர்கள் இந்தியன் என்று கண்டு மதிப்பெண்ணைக் குறைத்தனர் என்று கூற வேண்டிய தேவையே இல்லை. தேர்வு மண்டபத்தின் உள்ளே எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கலாம். அநியாயம் முழுவதும் மண்டபத்துக்குச் செல்லும் வழியில் இருந்தது.

அவ்வழியின் நீளம் இன்றும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. பணியாளர் தேர்வாணையத்தின் பொதுத்தேர்வுகள் நெடுங்காலம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே நடைபெற்றன. கணக்கிலோ பொது அறிவிலோ ஒரு வினா. அதை ஒருவர் தம் தாய்மொழியில் படிக்கிறார், மற்றொருவர் பள்ளியில் கற்ற மொழியில் படிக்கிறார். இருவருக்கும் நேரம் ஒன்றே. 2023இல்தான் அவ்வாணையம் சில தேர்வுகளைத் தமிழ் உள்ளிட்ட 13 வட்டார மொழிகளிலும் நடத்த முன்வந்தது. இதைச் சலுகை என்று ஒரு வட இந்திய நண்பர் கூறக் கேட்டோம். அவர் தம் வாழ்நாள் முழுவதும் அதே சலுகையைப் பெற்றிருந்தார் என்பதை அவர் கவனிக்கவில்லை. கவனிக்கவேண்டிய அவசியம் அவருக்கு நேர்ந்ததும் இல்லை.

நம் சொந்த மாநிலம் இக்கேள்வியோடு நாற்பதாண்டுகளாக மல்லாடி வருகிறது. தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு 1984இல் அங்குக் கொண்டுவரப்பட்டது. கிராமத்துப் பிள்ளைகள் பயிற்சி நிலையம் இன்றிப் பின்தங்குகின்றனர் என்ற காரணத்தால் 2006இல் சட்டம் இயற்றி அதை நீக்கினர். பின்னர் 2017 முதல் மருத்துவப் படிப்புக்கு நாடு முழுமைக்குமான நீட் தேர்வு அங்கும் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு, பிளஸ் டூ தேர்வில் 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்ற அரியலூர் மாவட்டத்து ஏழை மாணவி, நீட் தேர்வில் 720க்கு 86 மட்டும் பெற்று, உச்ச நீதிமன்றம் வரை சென்றும் பயனின்றி உயிர் நீத்த செய்தியை நாம் மறப்பதற்கில்லை. அவ்விரு எண்களுள் எது அம்மாணவியின் உண்மையான தகுதி என்று அக்காலத்தில் பலர் வாதிட்டனர். அக்கேள்வியே பொருத்தமற்றது. மாநிலப் பாடநூலை ஈராண்டு ஊன்றிக் கற்றதை ஓர் எண் அளந்தது. வேறொரு பாடத்திட்டத்தையும் வேறொரு வகை வினாவையும் பழகியிருக்கிறாரா என்பதை மற்றோர் எண் அளந்தது. நல்ல மருத்துவராகத் திகழ்ந்திருப்பாரா என்பதை இரண்டுமே அளக்கவில்லை.

இவ்விஷயத்தில் நம் நிலை சற்றே சங்கடமானது. தில்லியிலோ மும்பையிலோ மத்திய வாரியப் பாடத்தைப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு நீட் தேர்வின் பாடத்திட்டம் பழகிய பாதை. ஊரில் சித்தப்பா பிள்ளைகளுக்கு அது புதுக் காடு. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது திண்ணையில் இப்பேச்சு எழாமல் இருப்பதில்லை. ‘எல்லோருக்கும் ஒரே பரீட்சைதானே’ என்று நம்மவர் கூறுவதும், ‘உங்களுக்கென்ன, பட்டணத்துப் பிள்ளைகள்’ என்று அவர்கள் கூறுவதும், அத்தோடு பேச்சு மாறுவதும் வழக்கம். அரசுப் பள்ளியில் படித்த மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு என்று 2020இல் தமிழ்நாடு செய்த ஏற்பாடு நம் பிள்ளைகளுக்குப் பயன்படாதுதான். ஆயினும் அது நியாயமான ஏற்பாடு என்பதே நம் துணிபு. தேர்வை ஒரேயடியாகத் தள்ளாமல், வழியின் நீளத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வதற்கான முயற்சி அது. லண்டன் தேர்வை அநீதி என்று கொதித்தவர்களின் வழித்தோன்றல்கள் இதில் மட்டும் வேறு நியாயம் பேசுவது அழகன்று.

இனி, தேர்வு எதை அளக்கப் புகுந்ததோ அதையேனும் சரியாக அளக்கிறதா என்பதைப் பார்ப்போம். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த சர் பிலிப் ஹார்ட்டாக், இ.சி. ரோட்ஸ் என்னும் அறிஞருடன் சேர்ந்து 1935இல் இங்கிலாந்தில் ஒரு நூலை வெளியிட்டார். தேர்வுகளையே தேர்வுக்கு உட்படுத்திய நூல் அது. முன்னரே ஒத்த மதிப்பெண் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களை அனுபவம் மிக்க 14 தேர்வாளர்களிடம் அளித்துத் திருத்தச் செய்தனர். ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளி விட்டு, அதே தாள்களை அதே தேர்வாளர்களிடம் மீண்டும் அளித்தனர். தவறியவர், தேறியவர், சிறப்பாகத் தேறியவர் என்று அவர்கள் வழங்கிய 210 தீர்ப்புகளுள் 92 இரண்டாம் முறை மாறிவிட்டன! ஒருவர் தாம் முன்பு தேற வைத்த பிள்ளையையே பின்பு தவற வைத்தார். தவற வைத்ததைத் தேற வைத்தார். இத்தனைக்கும் அவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர்.

இன்று விடையைக் கட்டத்தில் கறுத்துக் காட்டினால் இயந்திரம் திருத்திவிடுகிறது. அதற்கு மனநிலை மாறுவதில்லை என்று கூறலாம். மெய்தான். எனினும் இயந்திரம் திருத்துவதால் வினா நல்ல வினாவாகிவிடுவதில்லை. நீட் தேர்வில் சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று குறைப்பு. ஆகவே ஒரு வினாவில் ஏற்படும் சறுக்கல் ஐந்து மதிப்பெண் வேற்றுமையாகிவிடுகிறது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதும் தேர்வில் ஐந்து மதிப்பெண் என்பது தரவரிசையில் பல்லாயிரம் இடங்கள். அந்த ஒரு வினா முந்திய நாள் மாலை புரட்டிய பக்கத்திலிருந்து வந்ததா, புரட்டாத பக்கத்திலிருந்து வந்ததா என்பதில் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் தொங்குகிறது. இதற்குத் தகுதி என்று பெயரிடுவது துணிச்சலான செயல்தான்.

கருணை மதிப்பெண்ணின் வரலாறும் சுவையானது. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1858இல் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறியோர் இருவரே. அவருள் ஒருவர் பின்னாளில் பெரும் புகழ்பெற்ற பங்கிம் சந்திர சட்டோபாத்யாயர். அவ்விருவரும்கூட ஒரு பாடத்தில் குறைந்த மதிப்பெண்ணை ஈடுசெய்து தேற வைக்கப்பட்டவர்களே. ஆக, இந்நாட்டில் பி.ஏ. பட்டம் பிறந்த அன்றே கருணை மதிப்பெண்ணும் உடன்பிறந்துவிட்டது. பட்டம் பெற்ற நாமெல்லாம் மிகையாகத் தருக்கிக்கொள்வதற்கில்லை. பின்னர் வந்த நூற்றாண்டில் இக்கருணை வெள்ளமாகப் பெருகியது. 2011இல் தில்லி ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, பள்ளியில் வணிகவியல் படிக்காத மாணவர்க்கு நூற்றுக்கு நூறு இருந்தால்தான் பி.காம். ஆனர்ஸ் இடம் என்று அறிவித்தது. 2021இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் பல கல்லூரிகள் சில பாடங்களுக்கு அவ்வாறே அறிவித்தன. நூற்றுக்கு நூறு என்பது வாசற்படியாகிவிட்டால் அளவுகோலில் அதற்குமேல் கோடு இல்லை. வாரியங்கள் தத்தம் பிள்ளைகளுக்கு வாரி வழங்கிய மதிப்பெண்ணை ஒப்பிட வழியின்றி, 2022இல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கென்று இன்னொரு பொது நுழைவுத் தேர்வு வந்தது. அதிலோ, ஒரே பாடத்தைப் பல நாள்களில் பல வினாத்தாள் கொண்டு நடத்த நேர்ந்ததால், ஒருவர் தம்முடன் எழுதியவருள் எத்தனை விழுக்காட்டினரை விஞ்சினார் என்று கண்டு, அதிலிருந்து மதிப்பெண்ணைக் கணக்கிட்டனர். தன் பிள்ளை பெற்ற எண் எவ்வாறு வந்தது என்று அதன் தந்தைக்கு விளக்க ஒரு கணிதப் பேராசிரியர் வேண்டும். பொதுத்தேர்வின் தலையாய பெருமை, எளியவனும் தன் விடைத்தாளைக் கண்டு நியாயம் கேட்கலாம் என்பதல்லவா?

இத்தகைய நுண்ணிய வேற்றுமைகளைக் காணும்போதெல்லாம் உத்தரமேரூர் நினைவுக்கு வருகிறது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் அங்குப் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வாரியங்களில் இடம்பெற விழைவோர்க்குத் தகுதிகள் வரையறுக்கப்பட்டன. நிலமும் சொந்த மனையும் கல்வியும் வேண்டும். பிந்திய கல்வெட்டின்படி வயது 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் ஆகார். அது பிரமதேயச் சபை. ஊரார் அனைவருக்கும் திறந்த வாசல் என்று அதைப் புகழ்வது மிகை. ஆயினும் அதன் பிற்பகுதிதான் நம் சிந்தனைக்கு உரியது. தகுதி உடையவர் இன்னார் என்று கண்ட பின், அவருள் யார் சிறந்தவர் என்று அவர்கள் மேலும் தோண்டவில்லை. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். இவ்வளவு கல்வி உடையவன் இப்பணியைச் செய்வான் என்பதைக் காண முடியும். செய்யவல்ல இருவருள் எவன் மேல் என்பதைக் காண்பது அரிது என்று அவர்கள் கருதினர் போலும்.

மருத்துவக் கல்லூரி இடங்களைக் குடத்திலிட்டுக் குலுக்க வேண்டும் என்று கூற வரவில்லை. கூறினால் அடிக்க வருவார்கள். ஆனால் 98.1க்கும் 98.2க்கும் இடையே நிற்பது அறிவன்று, குடத்துக்குள் இருந்த ஓலையைப் போன்ற தற்செயலே என்பதை நாம் மனத்தளவிலேனும் ஏற்றுக்கொண்டால், இடம் பெற்ற பிள்ளையின் தலைக்கனமும் இடம் பெறாத பிள்ளையின் தலைகுனிவும் ஓரளவு குறையும். உத்தரமேரூரில் ஓலை வராதவன் மூடன் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

தேர்வு என்பது உதவிக்காகப் பிறந்து, பிறகு ஒதுக்குவதற்குப் பயன்பட்ட கதையும் உண்டு. பிரான்சு நாட்டில் ஆல்பிரெட் பினே 1905இல் ஒரு சோதனையை வகுத்தார். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து, அவர்க்குத் தனிக் கவனம் தருவதே அதன் நோக்கம். அது பிறவி அறிவை அளக்கும் கோல் என்று அவர் கருதவில்லை. அவர் 1911இல் மறைந்தார். அச்சோதனை அமெரிக்கா சென்று உருமாறி, எந்த இனத்தார் அறிவில் தாழ்ந்தவர் என்று முடிவுகட்டும் கருவியாயிற்று. 1923இல் அவ்வாறு நூல் எழுதிய கார்ல் பிரிகாம் என்பவர்தாம் 1926இல் தொடங்கிய எஸ்.ஏ.டி. என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வை உருவாக்கியவர். 1930இல் அவரே தம் பழைய முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று எழுதிவிட்டார். அதற்குள் நூல் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

நம் நாட்டில் இவையெல்லாம் தெரியாமலில்லை. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு, பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது தேர்வுமுறையில்தான் என்று 1949இலேயே கூறிற்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கிய டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53இல் ஆய்ந்த குழு, வெளித்தேர்வுகளைக் குறைத்துப் பள்ளியின் குறிப்பேடுகளுக்கும் இடம் தர வேண்டும் என்றது. அதைச் செய்து பார்த்த காலமும் வந்தது. 2009 தொடங்கி மத்திய வாரியம் தொடர் மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்து, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை விருப்பத்துக்கு விட்டது. நடந்தது என்ன? எரிமலை மாதிரியும் சூரியக் குடும்ப மாதிரியும் எழுதுபொருள் கடைகளில் விற்பனைக்கு வந்தன. பிள்ளை உறங்க, தாயும் தந்தையும் நள்ளிரவு வரை அட்டை வெட்டி ஒட்டினர். ஐம்பது பேர் அமர்ந்த வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவரின் பண்பையும் பழக்கத்தையும் பதிவு செய்யும் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். 2018இல் பொதுத்தேர்வு கட்டாயமாகத் திரும்பியது. நோக்கம் நல்லது, அதைத் தாங்கும் ஆசிரியர் எண்ணிக்கையும் அவகாசமும் இல்லாமல் போயிற்று.

ஆகவே பொதுத்தேர்வு நம்மோடு இருக்கத்தான் போகிறது. இருக்கும்வரை அது மாசற்றதாக இருத்தல் வேண்டும். சிபாரிசு இல்லாதவனுக்கு அதுவே கேடயம். கேடயத்தில் துளை விழுந்தால் முதலில் காயப்படுபவன் அவனே. 2024 மே மாதம் நடந்த நீட் தேர்வில் முதலில் வெளியிட்ட முடிவின்படி 67 பேர் முழு மதிப்பெண் பெற்றதும், 1,563 பேருக்கு வழங்கிய கருணை மதிப்பெண் திரும்பப் பெறப்பட்டதும், வினாத்தாள் கசிவு பற்றிய வழக்குகளும் நாடறிந்தவை. அவ்வாண்டு ஜூனில் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம், கூட்டாகச் செய்யும் தேர்வு மோசடிக்குப் பத்தாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது. வினாத்தாளைப் பணம் கொடுத்து வாங்கக்கூடிய வீட்டுக்கு வேறு வழிகளும் இருக்கும். தகரப் பெட்டியோடு வருகிறவனுக்கு இருப்பது அந்த ஒரு வழிதான்.

கடைசியாக, நம் சங்கத்துக்கு நெருக்கமான ஒன்றைப் பற்றிக் கூற வேண்டும். தேர்வில் வராதது எதுவோ அது வீட்டில் மெல்ல மதிப்பிழக்கிறது. வடபுலத்து நகரங்களில் தமிழ்ச் சங்கங்களும் அன்பர்களும் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புகளைக் கவனித்தோர் இதை அறிவர். நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நிறைந்திருப்பர். ‘ழ’கரத்தை எழுதச் சுழித்துச் சுழித்துப் பார்ப்பர். எட்டாம் வகுப்பில் பாதிப் பேர். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பலகை, பாய், ஆசிரியர் மட்டும் மிஞ்சுவர். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி நிலையத்துக்குரியதாகிவிடுகிறது. ‘அதுக்கு மார்க் உண்டா மாமா?’ என்று பிள்ளை கேட்பதில் பிழையில்லை. அப்படித்தான் அதற்குக் கற்பித்திருக்கிறோம்.

அதற்கு மறுமொழியாகத் தமிழுக்கும் ஒரு பொதுத்தேர்வு வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை நம்மவரிடையே உலவுகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் அயலகத்துப் பிள்ளைகளுக்கென்று படிப்படியாகச் சான்றிதழ்கள் வழங்கத்தான் செய்கிறது, அவற்றைப் பயன்படுத்தலாம். தேர்வு இருந்தால் வகுப்பு நிறையும் என்பதும் மெய்யே. ஆனால் தேர்வுக்காக வந்த பிள்ளை சான்றிதழை வாங்கிய மறுநாள் வராது. பாட்டிக்குக் கடிதம் எழுதவும், ஊருக்குச் செல்லும்போது பேருந்தின் பெயர்ப்பலகையைத் தானே படித்து ஏறவும் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு எத்தனை மதிப்பெண் இடுவது? வரும் ஆண்டில் சங்கம் பரிசு வழங்கும்போது, பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் முதலிடம் பெற்றோரோடு, பத்தாம் வகுப்பு ஆண்டிலும் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புக்கு வந்த பிள்ளை எவரேனும் இருப்பின், அப்பிள்ளையையும் மேடைக்கு அழைக்கலாம். சென்ற ஆண்டு அப்படி இருவர் வந்ததாக அவ்வகுப்பின் ஆசிரியை கூறினார்.